உப்பு இறங்கட்டும் என்று காக்கவைத்தவர்களுக்கு

எங்கள் ஊராருக்கும் தெருவாருக்கும் வணக்கம்.

இந்தப் பொங்கலுக்குப் பானையருகே வைத்துப் படைத்த கத்தரிக்காய், பீட்ரூட், செடி அவரை, தண்டுக்கீரை எல்லாமே எங்கள் கொல்லையில் விளைந்தவை. உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் நடுவே, அலைச் சத்தம் கேட்கும் தூரத்தில் இருக்கும் மூன்று சென்ட் மணலில் காய் பறித்திருக்கிறேன். வந்தவர்கள் எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள். அந்தப் பாராட்டு யாரைச் சேர வேண்டும் என்று நாலு பேர் அறியச் சொல்லாமல் எனக்கு மனம் ஆறாது.

போன வருடம் பொட்டலத்தின் படத்தை நம்பிக் காரட்டும் பீன்ஸும் வாங்கி, புரட்டாசி பிறந்ததும் விதைத்தேன். கிணற்றுத் தண்ணீரைத் தாராளமாகப் பாய்ச்சினேன். முளைத்தவை இலை நுனி கருகிச் சுருண்டன. பாத்தி முழுக்கச் சுண்ணாம்பு தெளித்ததுபோல் வெள்ளை பூத்திருந்தது. விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன், கரித்தது. எதிர்வீட்டு அப்பத்தா வந்து பார்த்தார். ஒரு சொல் கடிந்து பேசவில்லை. "இரண்டு மழை நன்றாகப் பெய்து உப்பு கீழே இறங்கட்டும், ஆத்தா. அதுவரை விதை உன் கையிலேயே இருக்கட்டும்" என்றார். இந்த வருடத் தோட்டம் முழுவதும் அந்த ஒரு சொல்லில்தான் நிற்கிறது. நமக்கு மழை என்றால் ஐப்பசி, கார்த்திகை மழைதானே. புரட்டாசிக் கடைசியில் நாற்றுக்கு மட்டும் தொட்டியில் விதைத்துவிட்டு, பாத்தியைத் தொடாமல் காத்திருந்தேன். சாம்பலில் புரட்டிச் சுரைக்குடுக்கையில் வைத்திருந்த கத்தரி விதையையும் அப்பத்தாதான் கொடுத்தார்.

நான் கொண்டுபோன மண்ணைப் பரிசோதித்து, சீட்டை நீட்டியதோடு நிறுத்தாமல் உட்காரவைத்து விளக்கிய வேளாண் அலுவலர் அம்மாவுக்கு நன்றி. மண்ணின் உப்பு அளவு, அதாவது மின்கடத்துத்திறன், மீட்டருக்கு 1 டெசிசீமன்ஸைத் தாண்டினாலே பீன்ஸும் காரட்டும் விளைச்சல் குறையத் தொடங்கிவிடும், பீட்ரூட்டோ 4 வரை தாங்கும் என்றார். நான் எழுதிக்கொண்டுபோன பட்டியலில் காலிஃபிளவரையும் அடித்துவிட்டார். நம் கடற்கரையின் மார்கழிக் குளிர் அதற்குப் போதாதாம். பாரின், அதாவது இரண்டு வாய்க்காலுக்கு நடுவே மண் அணைத்த மேட்டின், உச்சியில் நாற்றை நடக் கூடாது என்பதும் அவர் சொன்னதே. ஈரம் மேலேறி ஆவியாகும் இடத்தில்தான் உப்பு தங்கும். அதனால் நாற்றுகளைச் சரிவில், தண்ணீர் தொடும் கோட்டுக்கு நான்கு விரல் மேலே நட்டேன். இப்போது பார்த்தாலும் பாரின் முதுகில் மெல்லிய வெள்ளைக் கோடு தெரிகிறது. செடிகள் அதற்குக் கீழே பச்சையாக நிற்கின்றன.

கிணற்றை ஆழப்படுத்த நான் கூப்பிட்ட அண்ணனை எப்படி மறப்பேன்! கூலி கிடைக்கும் வேலையை வேண்டாம் என்று சொன்னவர் அவர். "நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் ஏடுபோல் மிதக்கிறது, தங்கச்சி. ஆழம் போனாலும் மோட்டார் வைத்து உறிஞ்சினாலும் கீழே இருப்பது ஏறிவிடும்" என்று சொல்லி, மோட்டாரையும் நிறுத்தச் செய்தார். மழை ஓய்ந்த நாள் முதல் காலையில் பத்துக் குடம், மாலையில் பத்துக் குடம். நாற்றின் தூரில் பனையோலைப் பட்டையால் ஊற்றுகிறேன். அவர் அன்று கையை நீட்டிக் காசு வாங்கியிருந்தால் இன்று என் கிணறு உவர்க் கிணறு.

வலை பின்னும் மாமா வாடைக்காற்றுக்கு வேலி கட்டிக் கொடுத்தார். நான் வடகிழக்கில் தகரம் அடிக்க நினைத்திருந்தேன். காற்றை முழுதாக மறித்தால் அது எகிறிக் குதித்து உள்ளே விழும், சலித்துத்தான் விட வேண்டும் என்று சொல்லி, பனைமட்டைகளை நட்டுப் பழைய வலையை இரண்டாக மடித்துக் கட்டினார். உப்புச்சாரல் அந்த வலையிலேயே படிந்து நின்றுவிடுகிறது. விடியற்காலையில் முடிச்சுக்கு முடிச்சு துளி தொங்கும்.

கடற்பாசி எடுக்கப் போகும் மதினிமார் கரையொதுங்கிய பாசியைச் சாக்கில் கட்டிக் கொண்டுவந்து, காய்ந்த பனையோலை மேல் பரப்பி, மழையில் உப்புப் போக நனையவைத்த பிறகே குப்பைக் குழியில் போடவிட்டார்கள். கோடையில் இரண்டு இரவு எங்கள் கொல்லையில் ஆட்டுக்கிடை போட்ட கீதாரி ஐயாவுக்கும் நன்றி.

இரண்டு கத்தரிக்காயை விதைக்கு விட்டிருக்கிறேன். மஞ்சளாகப் பழுத்து வருகின்றன. மாசியில் விதையெடுத்துச் சாம்பலில் புரட்டி வைப்பேன். தெருவில் யாருக்கு வேண்டுமானாலும் புரட்டாசிக் கடைசியில் வீட்டுக்கு வாருங்கள். அப்பத்தாவின் குடுக்கையை முதலில் நிரப்பிவிட்டு, மிச்சத்தை எல்லோருக்கும் பகிர்ந்து தருகிறேன்.