ஓரத்தில் நிற்கும் மரபணு

அன்பு நண்பா,

உன் கடிதமும் உன் மாணவி எடுத்த படங்களும் வந்து சேர்ந்தன. ஃபைப்ரோபிளாஸ்ட் (இணைப்புத் திசுச் செல்) உட்கருவின் ஓரத்தில், மரபணுவைக் காட்டும் பச்சைப் புள்ளி பளிச்சென்று தெரிகிறது. மரபணு ஓரத்துக்குப் போய்விட்டது, ஆகவே அணைந்துவிட்டது என்று எழுதலாமா என்று கேட்டிருந்தாய். இப்போதைக்கு எழுத வேண்டாம். அந்த ‘ஆகவே’க்கு இந்தப் படங்களில் ஆதாரம் இல்லை.

முதலில் கணக்கைப் பார். உட்கருவை ஒரு பந்து என்று வை. ஆரத்தில் வெளிப்புற ஐந்தில் ஒரு பங்கை மட்டும் தோலாக உரித்தால், அந்தத் தோல் மொத்தக் கனஅளவில் ஏறக்குறைய பாதி: 0.8-இன் மும்மடி 0.512, மிச்சம் 0.488. கண்ணை மூடிக்கொண்டு புள்ளிகளைத் தூவினாலும் இரண்டில் ஒன்று அங்கேதான் விழும். அதனால் உட்கருவைச் சம கனஅளவுள்ள ஓடுகளாகப் பிரித்து எண்ணச் சொல். 1999-இல் பிக்மோரின் ஆய்வுக் குழு மனித 18, 19-ஆம் குரோமோசோம்களை ஒப்பிட்டபோது, தட்டையான பரப்பில் சம பரப்பளவுள்ள ஐந்து ஓடுகளைப் போட்டுத்தான் எண்ணினார்கள். அளவில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. ஆனால் 19-இல் புரதம் தரும் மரபணுக்கள் 1,400 அளவுக்கு உண்டு. 18-இல் 300கூட இல்லை. லிம்போசைட் என்ற வெள்ளை இரத்த அணுவில் 19 நடுவிலும் 18 ஓரத்திலும் இருந்தன. உறுதியான முடிவுதான், ஆனால் அது முழுக் குரோமோசோமைப் பற்றியது. ஒற்றை மரபணுவுக்கு அதை அப்படியே பொருத்தக் கூடாது.

அடுத்து, அந்தச் செல்லே ஒரு சிக்கல். ஃபைப்ரோபிளாஸ்டின் உட்கரு தோசை மாதிரி தட்டையானது. மேலிருந்து பார்த்தால் நடுவில் தெரியும் புள்ளி, உண்மையில் அடிப்பக்க லேமினாவில் (உட்கரு உறையின் உட்புறப் புரத வலையில்) ஒட்டிக்கொண்டிருக்கலாம். கன்போகல் நுண்ணோக்கியில் பக்கவாட்டுத் துல்லியம் 0.2 மைக்ரான் அளவுக்குக் கிடைக்கும், செங்குத்தில் 0.5 மைக்ரானுக்குக் கீழே இறங்குவது கடினம். முப்பரிமாணத்தில் அளக்காவிட்டால் ‘ஓரம்’, ‘நடு’ என்ற சொற்களுக்கே பொருளில்லை. மெத்தனால்-அசிட்டிக் அமிலத்தில் செல்லை ஃபிக்ஸ் செய்து நிலைநிறுத்தியிருந்தால் உட்கரு இன்னும் சப்பையாகிவிடும். அந்த ஸ்லைடுகளைத் தனியாக ஒதுக்கிவிடு.

புதிய ஸ்லைடுகளில் டிஎன்ஏ ஃபிஷ்ஷை, அதாவது ப்ரோப் என்ற ஒளிரும் துண்டை ஒட்டவைத்து மரபணுவின் இடத்தைக் காட்டும் முறையை, இப்படிச் செய்யட்டும். 4 சதவீதப் பாராஃபார்மால்டிஹைடில் 10 நிமிடம், பிறகு 0.5 சதவீத டிரைட்டான் என்ற சோப்புக் கரைசல். அடுத்து 20 சதவீத கிளிசராலில் அரைமணி நேரமாவது ஊறட்டும். பின் திரவ நைட்ரஜனில் முக்கி எடுத்து, கவர்சிலிப்பில் படியும் வெண்பனி கரைந்து மறையும் வரை பொறுத்து, மறைந்த உடனே மீண்டும் கிளிசராலில் போட வேண்டும். இதை நான்கைந்து முறை செய்யட்டும். 0.1 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் 5 நிமிடம் வைத்த பிறகு, 50 சதவீத ஃபார்மமைடு கலந்த எஸ்எஸ்சி உப்புக் கரைசலுக்கு மாற்றலாம். டிஎன்ஏ இழைகளைப் பிரிக்க 75 டிகிரியில் 2 நிமிடம் போதும். கூடப்போனால், டிஎன்ஏ-வைக் காட்டும் டாப்பி சாயத்தில் உட்கருவின் விளிம்பு கரைந்தாற்போல் தெரியும். எல்லாவற்றையும்விட முக்கியம், ஒரு கட்டத்திலும் செல் காயக் கூடாது. பெரும்பாலான தவறுகள் இங்கேதான் நடக்கின்றன: ஒரு கரைசலிலிருந்து அடுத்ததற்கு மாற்றும் அந்தச் சில நொடிகளில்.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். 2008-இல் மூன்று குழுக்கள் தனித்தனியாக மரபணுக்களை உட்கரு உறையோடு கட்டிப்போட்டுப் பார்த்தன. சிங் குழுவின் எலி செல்களில் மரபணு அடங்கியது. பிக்மோர் குழுவின் மனித செல்களில் அருகிலிருந்த சில மரபணுக்கள் தணிந்தன, பல அசையவே இல்லை. ஸ்பெக்டர் குழு லேமினாவின் புரதமான லேமின் பி1-ஓடு கட்டியபோது, ஓரத்தில் இருந்தபடியே மரபணு இயங்கியது. கட்டுவதற்கே செல் ஒருமுறை பிரிந்தாக வேண்டியிருந்தது என்பதையும் கவனி. 2014-இல் பிக்மோர் குழுவே இதைத் தலைகீழாகச் செய்து காட்டியது: ஆர்என்ஏ படியெடுப்பைத் தூண்டாமல் குரோமாட்டினை (டிஎன்ஏ-வும் புரதமும் சேர்ந்த இழையை) மட்டும் தளர்த்தும் ஒரு பெப்டைடை, அதாவது சிறு புரதத் துண்டை, மரபணுவில் கொண்டுபோய் உட்கார வைத்தார்கள். மரபணு ஓரத்தை விட்டு உள்ளே நகர்ந்தது. எனக்கு இந்தச் சோதனை மிகவும் பிடிக்கும். இடத்தை மாற்றியது இயக்கம் அல்ல, குரோமாட்டினின் தளர்ச்சி என்று அது காட்டிவிட்டது.

ஓரம் என்றாலே அணைந்தது என்றும் சொல்ல முடியாது. ஈஸ்டில் ஐனோ1 மரபணு இயங்கத் தொடங்கியதும் ஓரத்துக்கு, உட்கருத் துளையருகே போகிறது. எலியின் விழித்திரைக் கோல் செல்லில் ஹெட்டரோகுரோமாட்டின் என்ற, அடர்ந்து பெரும்பாலும் இயங்காத குரோமாட்டின் நடுவில் குவிந்திருக்க, இயங்கும் மரபணுக்கள் வெளிவட்டத்தில் இருக்கின்றன. செல் தன் வேலையைச் செவ்வனே செய்கிறது. மார்பகச் செல் புற்றாக மாறும் மாதிரியில் மிஸ்டெலியின் ஆய்வுக் குழு கண்ட இடமாற்றங்களும் இயக்க மாற்றத்தோடு ஒத்துப்போகவில்லை. நோயைக் கண்டறிய அவை உதவலாம், காரணம் சொல்ல உதவா.

உன் மாணவி செய்ய வேண்டியது, ஒரே செல்லில் உள்ள அந்த மரபணுவின் இரண்டு பிரதிகளை ஒப்பிடுவது. ஒரு பிரதி மட்டும் இயங்கும் செல்களைத் தேடி எடுத்தால், இயங்காத பிரதியே ஒப்பீட்டுக்கு நின்றுவிடும். ஆஸ்ட்ரோசைட் என்ற மூளைச் செல்லில் ஜிஎஃப்ஏபி மரபணுவை மிஸ்டெலி குழு இப்படித்தான் பார்த்தது. இயங்கும் பிரதி சற்று உள்ளே இருந்தது. இன்ட்ரானுக்கு (ஆர்என்ஏ-விலிருந்து பிறகு வெட்டி நீக்கப்படும் பகுதிக்கு) ப்ரோப் போட்டுப் புதிதாக எழும் ஆர்என்ஏ-வை முதலில் படமெடுத்து, ஆயத்தொலைவுகளைக் குறித்துக்கொண்டு, பிறகு அதே செல்லில் டிஎன்ஏ ஃபிஷ் செய்யட்டும். வரிசை மாறினால் அமிலமும் சூடும் ஆர்என்ஏ-வைத் தின்றுவிடும். நூறு உட்கருக்களாவது வேண்டும். சராசரியை மட்டும் ஒப்பிடாமல் கோல்மகரோவ்-ஸ்மிர்னோவ் சோதனையில் முழுப் பரவலையும் ஒப்பிடுங்கள். பச்சைக்கும் சிவப்புக்கும் இடையில் லென்ஸ் தரும் செங்குத்து விலகலைப் பல நிற நுண்மணிகளால் முன்னதாகவே அளந்து வைத்துக்கொள்ளச் சொல்.

அடுத்த முறை மேலிருந்து தட்டையாக்கிய படம் வேண்டாம். 0.2 மைக்ரான் இடைவெளியில் எடுத்த முழு அடுக்கையும் அனுப்பு, உட்காந்து பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்