எந்த இரண்டு சொற்கள்? தமிழ்ப் பிரிவுப் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

வணக்கம். ‘டாக்டர் ஹூ’ என்ற பிரிட்டிஷ் தொலைக்காட்சித் தொடரைத் தமிழ் சப்டைட்டிலுடன் காட்டுகிறீர்கள். அந்தத் தமிழ் வரிகளைப் பற்றி இதுவரை நான்கு முறை உங்களுக்கு எழுதிவிட்டேன். என்ன கேட்கிறேன் என்பது உங்கள் கோப்பில் இருக்கும். போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் நடந்ததற்குப் பிறகு, இதை எல்லோரும் படிக்கும்படி எழுதுவதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை.

என் மகளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. வயது பதினாறு. தமிழ்வழியில் படித்தவள். வாரத்தில் ஆறு நாள் நான் ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு ஷூ தொழிற்சாலைக்குப் போய்விடுவேன். ஞாயிறு ஒரு நாள்தான் இருவரும் சேர்ந்து உட்காருவோம். இந்தத் தொடரை அவள்தான் கண்டுபிடித்தாள். டாக்டர் என்ற பெயரில் காலத்துக்குள் பயணம் செய்யும் ஒருவர், அவர் பயணம் செய்யும் நீல நிறப் போலீஸ் பெட்டி, அதன் உள்ளே ஒரு மாளிகை. அவளுக்கு வேறு என்ன வேண்டும்? இருநூறு பக்க நோட்டுப் புத்தகம் ஒன்றை வாங்கி, எந்தப் பகுதியில் யார் வந்தார், எந்த வார்த்தை திரும்ப வந்தது என்று கோடு போட்டு எழுதி வைக்கிறாள்.

2005ஆம் ஆண்டுப் பருவத்தின் (சீசன்) பதினோராம் பகுதியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கார்டிஃப் நகரில் ஓர் அணுமின் நிலையம் கட்டத் திட்டமிடுகிறார்கள். திட்டத்தின் பெயர் வெல்ஷ் மொழியில் இருக்கிறது. டாக்டர் அதற்குப் பொருள் சொல்கிறார்: ‘பேட் உல்ஃப்’, அதாவது கெட்ட ஓநாய். சொன்னவுடன் அவர் முகம் மாறுகிறது. நாம் எங்கே போனாலும் இந்த இரண்டு சொற்கள் பின்னாலேயே வருகின்றன என்கிறார். கூட இருக்கும் ரோஸும் இதைப் பல முறை கேட்டிருப்பதாகச் சொல்கிறாள். பத்து வாரமாக மண்ணுக்கடியில் ஓடிய வேர் வெளியே தெரியும் இடம் அது.

என் மகள் நோட்டைப் புரட்டினாள். முன்னும் பின்னும் புரட்டினாள். பிறகு என் தோளைத் தட்டிச் சைகையில் கேட்டாள்: “எந்த இரண்டு சொற்கள்?”

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அன்று இரவும் மறுநாள் இரவும் பழைய பகுதிகளை ஒவ்வொன்றாக நிறுத்தி நிறுத்திப் பார்த்தோம். எனக்கு இருக்கும் கொஞ்சம் ஆங்கிலத்தில் நான் காதால் கேட்டேன். அவள் உங்கள் வரிகளைப் படித்தாள். இரண்டாம் பகுதியில் ‘தீய ஓநாய்த் திட்டம்’ என்று போட்டிருக்கிறீர்கள். மூன்றாம் பகுதியில், வேலைக்காரப் பெண் ரோஸின் மனத்துக்குள் பார்த்துவிட்டு நடுங்கும்போது, அது ‘பெரிய நரி’. நான்காம் பகுதியில் ஒரு சிறுவன் டாக்டரின் பெட்டி மீதே அந்தச் சொற்களைப் பெயிண்டால் எழுதுகிறான். அதற்குத் தமிழே இல்லை. ஆறாம் பகுதியில் ஹெலிகாப்டருக்கு அதே பெயர். அங்கே ஆங்கிலத்தையே தமிழ் எழுத்தில் விட்டுவிட்டீர்கள். ஏழாம் பகுதியில் அது ஒரு தொலைக்காட்சி அலைவரிசை, ‘மோசமான ஓநாய்’. பத்தாம் பகுதியில் வெடிகுண்டின் மேல் ஜெர்மன் மொழியில் எழுதியிருக்கிறது. தமிழில் ஒன்றும் இல்லை. பதினோராம் பகுதியில், டாக்டரே நின்று ‘இரண்டு சொற்கள்’ என்று சொல்லும் அந்த இடத்தில், ‘பொல்லாத மிருகம்’.

ஒரு சொற்றொடர், ஐந்து வேடம், இரண்டு இடத்தில் மௌனம். பதின்மூன்றாம் பகுதியில் ரோஸ் அந்தச் சொற்களைக் காலமெங்கும் தானே தூவினாள் என்று தெரியவருகிறது, தன்னைத் தானே அங்கே அழைத்து வருவதற்காக. காது கேட்கிறவர்களுக்கு மயிர்க்கூச்செறியும் இடம். என் மகள் நோட்டை மூடி அலமாரியில் வைத்துவிட்டாள். கோபப்பட்டிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். “நான் சரியாகக் கவனிக்கவில்லை போலிருக்கிறது” என்று சைகை செய்தாள்.

அவள் சரியாகத்தான் கவனித்தாள். உங்கள் பிழையை அவள் தன் பிழை என்று எடுத்துக்கொண்டாள். அதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

என் கோரிக்கை சிறியது. திரும்பத் திரும்ப வரும் ஒரு சொல்லுக்கு ஒரே தமிழ்ச் சொல்லை வைத்துக்கொள்ளுங்கள். அதைப் பட்டியலாக எழுதி, எத்தனை பேர் மொழிபெயர்த்தாலும் அத்தனை பேர் கையிலும் கொடுங்கள். சுவரிலும் பெட்டியிலும் எழுதியிருப்பதையும் தமிழில் போடுங்கள்.

இதற்கு முன் எழுதிய கடிதங்களில் மூன்றுக்கு, என் கருத்து உங்களுக்கு முக்கியமானது என்று ஆங்கிலத்தில் பதில் வந்தது. ஒன்றுக்கு மட்டும் ஒரு மனிதர் எழுதியதுபோல் இருந்தது. இந்தத் தொடரில் ஒவ்வொரு பகுதியும் தனிக்கதை, எங்கிருந்து வேண்டுமானாலும் பார்க்கலாம், தொடரை எழுதியவர்களே முன்னுக்குப் பின் முரணாக எழுதியிருக்கிறார்கள் என்றார். எழுதியவருக்கு நன்றி. ஆனால் அவர் சொன்னது பாதிதான் உண்மை.

முரண்கள் உண்டு. அட்லாண்டிஸ் அழிந்த கதையை 1967, 1971, 1972 என்று மூன்று கதைகளில் மூன்று விதமாகச் சொல்லியிருக்கிறார்கள். 1963 நவம்பர் 23ஆம் தேதி தொடங்கிய தொடர், 1989இல் நின்று 2005இல் மீண்டும் வந்த தொடர், எத்தனையோ கைகள் எழுதியது. முரண் வராமல் எப்படி இருக்கும்? ஆனால் எது திரும்ப வருகிறது என்பதை அவர்கள் மறக்கவில்லை. டாக்டரின் இனத்தார் சாகும் நேரத்தில் வேறு முகமும் உடலுமாக உரு மாறுவார்கள். 1976இல் ஒரு கதையில், அப்படிப் பன்னிரண்டு முறைதான் உரு மாற முடியும் என்று ஒரு விதியைச் சொல்லிவிட்டார்கள். முப்பத்தேழு ஆண்டு கழித்து, 2013 கிறிஸ்துமஸ் பகுதியில், அந்தப் பன்னிரண்டும் தீர்ந்துபோய் டாக்டர் சாவுக்குக் காத்திருக்கிறார். பழைய விதியைச் சௌகரியத்துக்கு மறந்துவிடாமல், அதன் மேலேயே ஒரு கதையைக் கட்டினார்கள்.

உங்கள் தமிழில் அந்த இடம் ‘பன்னிரண்டு பிறவிகள்’ என்று இருக்கிறது. பன்னிரண்டு மாற்றம் என்றால் பதின்மூன்று உருவம். என் மகள் விரல் விட்டு எண்ணினாள். பதினொரு டாக்டர்கள், நடுவில் போர்க்காலத்தில் வாழ்ந்து மறைக்கப்பட்ட ஒருவர், பத்தாமவர் முகம் மாறாமல் செலவழித்த ஒரு மாற்றம். கணக்கு பதின்மூன்று வருகிறது. உங்கள் வரியோ பன்னிரண்டு என்கிறது. அங்கேயும் அவள் தன் எண்ணிக்கையைத்தான் முதலில் சந்தேகப்பட்டாள்.

அந்த உருமாற்றத்துக்கு நீங்கள் வைத்திருக்கும் சொற்களைப் பாருங்கள். ஓரிடத்தில் மறுபிறவி, ஓரிடத்தில் புத்துயிர், ஓரிடத்தில் குணமடைதல். மறுபிறவி என்றால் நமக்குக் கருவும் பிறப்பும் நினைவுக்கு வரும். இவருக்கோ பழைய நினைவெல்லாம் அப்படியே இருக்கிறது. கூடுவிட்டுக் கூடு பாய்தல் என்றால் அது இன்னொருவர் உடல். எனக்கு ‘உருமாற்றம்’ போதும் என்று தோன்றுகிறது. உங்களிடம் அதைவிட நல்ல சொல் இருந்தால் அதையே வையுங்கள். எதை வைத்தாலும் கடைசிவரை அதையே வையுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

இது எங்கள் பக்கத்து மக்களுக்குப் புரியாது என்று யாரும் நினைக்க வேண்டாம். நான் பிறந்தது ஆரணிப் பக்கம். அக்னி வசந்த விழா வந்தால் பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து. பகடை துகில் நடக்கும் இரவில் பாஞ்சாலி கூந்தலை அவிழ்த்துச் சபதம் போடுவாள். அதற்குப் பிறகு எத்தனை இரவு! அர்ச்சுனன் தபசு, அபிமன்யு, கர்ண மோட்சம். கடைசியில் படுகளத்தன்று காலை, மண்ணால் செய்த துரியோதனன் உருவத்தின் பக்கத்தில் அவள் கூந்தலை முடிவாள். நடுவில் பாதிக் கூத்தைத் தூங்கிக் கழித்த குழந்தைக்கும் அந்த முடிச்சு எதற்கு என்று தெரியும். ஓர் இரவு ஒருவர் பாஞ்சாலி வேடம் கட்டியிருப்பார், இன்னோர் இரவு வேறொருவர். முகம் மாறினாலும் ஆள் அவள்தான், சபதமும் அதேதான். 1966இல் நடிகர் வில்லியம் ஹார்ட்னெல் போய்ப் பேட்ரிக் ட்ரௌட்டன் அதே டாக்டராக வந்ததை ஏற்க எங்களுக்கு ஒரு விளக்கமும் வேண்டியதில்லை. சபதத்தின் சொற்களை மட்டும் மாற்றிவிடாதீர்கள்.

இன்னொன்று. புதிதாக அந்தப் பெட்டிக்குள் நுழைகிற ஏறக்குறைய ஒவ்வொருவரும், வெளியே இருப்பதைவிட உள்ளே பெரிதாக இருக்கிறதே என்று வியப்பார்கள். 2012 கிறிஸ்துமஸ் பகுதியில் கிளாரா என்ற பெண் மட்டும் அதைத் திருப்பிப் போட்டு, வெளியே சிறியதாக இருக்கிறது என்கிறாள். டாக்டரே அசந்துபோகிறார். அந்த வியப்பை நீங்கள் ‘எவ்வளவு இடம்!’ என்றும், ‘அடேயப்பா’ என்றும், ‘பெரிய அறை’ என்றும் பகுதிக்கு ஒன்றாகப் போட்டு வந்தால், கிளாரா எதைத் திருப்பிப் போட்டாள் என்று யாருக்குத் தெரியும்?

தொடரின் பெயருக்கும் இதே கதிதான். ‘டாக்டர் யார்?’ என்பதே இந்தத் தொடரின் மூலக் கேள்வி. நீங்கள் சில இடங்களில் ‘எந்த மருத்துவர்?’ என்று போட்டிருக்கிறீர்கள். எந்த மருத்துவர் என்பது எங்கள் வேலூரில் மருத்துவமனை வாசலில் வெளியூர்க்காரரிடம் கேட்கிற கேள்வி. வங்காளத்திலிருந்தும் ஆந்திராவிலிருந்தும் சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு வருகிறவர்களிடம் ஆட்டோக்காரர் கேட்பார். அந்தக் கேள்விக்கு ஓர் அறை எண் பதிலாகக் கிடைக்கும். இந்தக் கேள்விக்கு அறுபது ஆண்டாகப் பதில் கிடைக்கவில்லை.

என் வேலையைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்கிறேன். நான் தொழிற்சாலையில் செக்கிங் பிரிவில் இருக்கிறேன். இடது ஷூவின் தோலும் வலது ஷூவின் தோலும் நிறத்தில் ஒரு சாயல் மாறினால் ஜோடியை ஒதுக்கிவிடுவோம். இரண்டும் தனித்தனியே நன்றாகத்தான் இருக்கும். தையலில் ஒரு குறையும் இருக்காது. ஆனாலும் அது ஜோடி ஆகாது. எங்கோ இருக்கிற ஒருவர் காலுக்கு நாங்கள் இவ்வளவு பார்க்கிறோம். எங்கள் பிள்ளைகள் படிக்கிற வரியை யாராவது ஒருவர் ஒருமுறை முழுதாக ஓட்டிப் பார்த்தால் ஆகாதா? தமிழ் என்றாலே கடைசியில் அவசரமாக ஒட்டுகிற சீட்டாகிவிட்டது. மருந்து அட்டையில் அப்படி, வங்கிப் படிவத்தில் அப்படி, ரயில் நிலைய அறிவிப்பில் அப்படி. படித்துப் பார்க்கிற ஒருவர் இருக்கிறார் என்ற நினைப்பே இல்லாமல் எழுதிய தமிழை நாங்கள் தினமும் படித்துக்கொண்டிருக்கிறோம்.

மன்னிக்கவும், உங்களிடம் கேட்க வேண்டியதை விட்டு விலகிவிட்டேன்.

இந்தத் தொடருக்கு ஒரு பெரிய இழப்பு நேர்ந்தது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அறுபதுகளின் பகுதிகள் பலவற்றை அதைத் தயாரித்த நிறுவனமே பிற்பாடு அழித்துவிட்டது. நாடாக்களைத் திரும்பப் பயன்படுத்துவதற்காகவும், இடத்துக்காகவும். தொண்ணூறுக்கும் மேற்பட்ட பகுதிகளின் படம் இன்றும் இல்லை. ஆனால் அவை ஒவ்வொன்றின் ஒலியும் இருக்கிறது. காரணம், வீட்டில் பார்த்துக்கொண்டிருந்த ரசிகர்கள் டேப் ரெக்கார்டரில் பதிவு செய்து வைத்திருந்தார்கள். 2013இல் ஒன்பது பகுதிகள் நைஜீரியாவில் கிடைத்ததாக அறிவித்தபோது உலகமே கொண்டாடியது. நிறுவனம் தொலைத்ததைப் பார்வையாளர்கள் காப்பாற்றினார்கள். என் மகளால் ஒலியைப் பதிவு செய்ய முடியாது. அவளால் முடிந்தது ஒரு நோட்டுப் புத்தகம். உங்களிடம் எல்லாப் பகுதியும் பத்திரமாக இருக்கிறது. இருப்பதை நீங்கள் சிதறவிடாமல் கொடுத்தால் போதும்.

ஆகவே மீண்டும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். ஒரு சொல்லுக்கு ஒரே தமிழ். முதலில் 2005ஆம் ஆண்டுப் பருவத்தின் பதின்மூன்று பகுதிகளை மட்டுமாவது திருத்துங்கள். அந்த இரண்டு சொற்கள் 2008லும் 2013லும் மீண்டும் வருகின்றன. அங்கேயும் அதே தமிழ் நிற்கட்டும். கூடவே ஒரு சிறு வேண்டுகோள்: கிறிஸ்துமஸ் சிறப்புப் பகுதிகளைத் தனிப் படங்கள்போல வேறிடத்தில் வைத்திருக்கிறீர்கள். பருவத்தின் வரிசையில் அவற்றைச் சேருங்கள். புதிய டாக்டர் கண் விழித்து எழுந்து நிற்கும் முதல் கதையே அப்படி ஒரு சிறப்புப் பகுதிதான். அதைத் தவறவிட்டு அடுத்த பருவத்துக்குப் போனவள், இந்தப் புதிய ஆள் யார் என்று என்னைக் கேட்டாள்.

இந்த மடலுடன் என் மகளின் நோட்டிலிருந்து பதினெட்டுப் பக்கங்களை நகலெடுத்து இணைத்திருக்கிறேன். எந்தப் பகுதி, எத்தனையாவது நிமிடம், நீங்கள் போட்ட தமிழ் என்ன என்று அவள் கையெழுத்திலேயே இருக்கிறது. கடைசிப் பத்தியைக் காலியாக விட்டிருக்கிறாள், நீங்கள் முடிவு செய்யும் சொல்லை எழுதுவதற்காக. நோட்டை அலமாரியிலிருந்து மீண்டும் எடுக்க வைக்க எனக்கு மூன்று நாள் பிடித்தது.

பதிலைத் தயவுசெய்து தமிழில் எழுதுங்கள். அதை அவளே படிப்பாள்.

இப்படிக்கு,
உங்கள் தமிழ் வரிகளைப் படிக்கும் ஒருத்தியின் தாய்
சத்துவாச்சாரி, வேலூர்