நான்கே பாடல்களில் ஓர் ஆல்பம்

ஆசிரியர் அவர்களுக்கு,

அமெரிக்கக் கறுப்பின மக்களின் சோல் இசை பற்றிய ஞாயிறு கட்டுரையில் பாடகர் ஐசக் ஹேய்ஸின் 'ஹாட் பட்டர்டு சோல்' ஆல்பம் (1969) ஒரே வரியில் முடிந்துவிட்டது. அது போதாது. 1968இல் தன் இசைத்தட்டுகளை விநியோகித்த அட்லாண்டிக் நிறுவனத்துடன் உறவு முறிந்து, பழைய ஒலிப்பதிவுகளின் உரிமையை இழந்த ஸ்டாக்ஸ் இசைத்தட்டு நிறுவனம், கையிருப்பை நிரப்ப 27 ஆல்பங்களை மொத்தமாகத் தயாரித்தது. அவற்றில் ஒன்று இது.

நான்கே பாடல்கள், சுமார் 45 நிமிடம். மெம்பிஸில் பார்-கேஸ் குழுவினர் வாசித்த அடித்தளத்தின்மேல், வயலின்களும் ஊதுகருவிகளும் பிறகு டெட்ராய்ட்டில் சேர்க்கப்பட்டன. 'பை த டைம் ஐ கெட் டு ஃபீனிக்ஸ்' என்ற பாடல் மட்டுமே 18 நிமிடத்துக்கு மேல். பாடத் தொடங்குமுன் ஆர்கன் ஒரே சுரக்கூட்டில் (கார்டு) நிற்க, ஹேய்ஸ் நெடுநேரம் கதை பேசுகிறார். நிமிடத்துக்கு 45 முறை சுழலும் சிறிய 'சிங்கிள்' தட்டில் இது அடங்காது. வானொலிக்காகச் சுருக்கியபோது பலியானது அந்த நிதானமான ஏற்றம்தான்.

ஆனாலும் ஆல்பம் அமெரிக்க இசை இதழான பில்போர்டின் சோல், ஜாஸ் பட்டியல்கள் இரண்டிலும் முதலிடம் பிடித்தது. பொதுப் பட்டியலில் 8ஆம் இடம். சோல் ரசிகர்கள் சிங்கிள் மட்டுமே வாங்குவார்கள் என்ற வணிகக் கணிப்பை இது உடைத்தது. புதிதாகக் கேட்பவர்கள் சுருக்கிய வடிவங்களைத் தவிர்த்து, இதே ஆல்பத்தின் 12 நிமிட 'வாக் ஆன் பை'யிலிருந்து தொடங்கலாம்.

இப்படிக்கு,
வாசகர்