ரீச்சர் வீட்டுக்கு வந்துவிட்டார், இது இரண்டாவது மெசேஜ்

மறதியில் வழி தவறிப் போன என் அம்மா, உங்கள் ரீச்சர், கிடைத்துவிட்டார். பக்கத்து அறையில் படுத்திருக்கிறார், கதவைத் திறந்தே வைத்திருக்கிறேன், ரெண்டு வரி எழுதுவதும் எழும்பிப் போய் மூச்சு வருகிறதா என்று பார்ப்பதும் திரும்ப வந்து எழுதுவதுமாக இருக்கிறேன். என்ன நடந்தது என்று உங்களில் அநேகம் பேருக்குத் தெரியும், உங்கள் போன் வழியாகத்தானே அது நடந்தது. அந்த ஒன்றரை நாளைத் திரும்பச் சொல்ல எனக்கு இப்போது தெம்பில்லை. நன்றி சொல்ல வந்தேன், அதைச் சொல்லிவிட்டுப் போகிறேன்.

கல்லடிப் பாலத்தில் இருந்து நாவலடி வரைக்கும் கரையோரம் நடந்து பார்த்த தம்பிமாருக்கு, தோணியை இறக்கி வாவியில் தேடிய அண்ணாக்களுக்கு (அவர்கள் ஏன் வாவியில் தேடினார்கள் என்று எனக்குத் தெரியும், அதை என்னிடம் சொல்லாமல் தேடியதற்கும் சேர்த்து), காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அறிவித்தவர்களுக்கு, அதையே கோயிலிலும் தேவாலயத்திலும் சொன்னவர்களுக்கு, பஸ் டிரைவர், கொண்டக்டர் எல்லோருக்கும், ஆட்டோ ஸ்டாண்டுப் பொடியன்களுக்கு, இரவிரவாகக் கோல் எடுத்துக் கேட்டுக்கொண்டே இருந்த அந்தப் பொலிஸ் தங்கச்சிக்கு, அம்மாவிடம் படித்து இப்போது லண்டனிலும் கனடாவிலும் இருக்கிற பிள்ளைகளுக்கு, எங்கள் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று தெரிந்து இடியப்பமும் சொதியும் கொண்டுவந்து வைத்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் போன முன்வீட்டு அன்ரிக்கு. ஒவ்வொருவரையும் தனித்தனியாக வந்து பார்க்க வேண்டும். வருவேன்.

ஒருவரைப் பற்றி மட்டும் நீளமாகச் சொல்லப் போகிறேன். பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். ஏறாவூரில் சின்னதாக ஒரு போன் கடை, ரிலோட் போடுவார், உடைந்த ஸ்கிரீன் மாற்றுவார், அவ்வளவுதான். எனக்கு முன்பின் தெரியாதவர். அன்றைக்கு இரவு ஒன்பது மணி போல ஒரு புது நம்பரில் இருந்து கோல் வந்தது. அதற்குள் நாலைந்து பொய்க் கோல் வந்து முடிந்திருந்தது, ஒருவன் காசு போட்டால் இடம் சொல்கிறேன் என்றான், அதனால் கை நடுங்கத்தான் எடுத்தேன். "அக்கா, ஒங்கட மெசேஜ் எனக்கு மூணு குரூப்பில வந்திருக்கு. ஆனா அதில திகதி இல்லையே" என்றார்.

எனக்குக் கோபம்தான் வந்தது. அம்மாவைக் காணாமல் நான் நிற்கிறேன், இவர் திகதி கேட்கிறார். ஆனால் அவர் அவசரப்படாமல் சொன்னார். திகதி இல்லாவிட்டால் சனம் இது எப்போதோ வந்த பழைய மெசேஜ் என்று நினைத்துத் தள்ளிவிடும் அக்கா, நானே அப்படித்தான் நினைத்தேன், பிறகு மனம் கேட்காமல் எடுத்தேன் என்று.

நான் போட்டிருந்ததை இப்போது எடுத்துப் பார்க்கிறேன். "அம்மாவைக் காணவில்லை. கண்டவர்கள் உடனே அறிவிக்கவும்." கீழே என் நம்பர். படம், ஏழு வருசத்துக்கு முன் தம்பியின் கல்யாணத்தில் எடுத்தது, பட்டுச் சேலை, தலைக்கு மை, கழுத்து நிறைய நகை. வீதியில் பச்சைப் பருத்திச் சேலையும் ரப்பர் செருப்புமாக, நரைத்த தலையோடு போகிற ஒரு மெலிந்த மனிசியை அந்தப் படத்தை வைத்து யார் அடையாளம் காண்பது?

அந்தப் போன் கடைத் தம்பி கொரியாவில் நாலு வருசமும் பத்து மாதமும் வேலை செய்துவிட்டு வந்தவர். எங்கள் பக்கத்துப் பொடியன்கள் எத்தனையோ பேர் போகிற அதே வேலைதான், தொழிற்சாலை. அங்கே 2021 ஜூனில் இருந்து, காணாமல் போனவர்களைப் பற்றிப் பொலிஸ் அந்தப் பகுதியில் இருக்கிற போன்களுக்கு அறிவித்தல் அனுப்புகிறது. பதினெட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகள், அறிவு வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்கள், டிமென்ஷியா என்கிற மறதி நோய் உள்ளவர்கள், இவர்களுக்காக. வீட்டாரின் சம்மதத்தோடு. "வேலை செஞ்சிட்டு இருப்பன், போன் அடிக்கும், பாத்தா ஆரோ ஒரு வயசு போன உம்மாவத் தேடுவாங்க" என்றார். முதலில் அவருக்கு வாசிக்கத் தெரியாதாம். பாஷை கொஞ்சம் பிடிபட்ட பிறகு பார்த்தால் எல்லாம் ஒரே ஒழுங்கில் இருக்கும், பெயர், ஆணா பெண்ணா, வயது, உயரம் இத்தனை சென்ரிமீற்றர், நிறை இத்தனை கிலோ, மேலே என்ன உடுப்பு, கீழே என்ன, காலில் என்ன. தகவல் சொல்ல 182. "அழுகை ஒண்டும் இரிக்காது அக்கா, ஆள மட்டும்தான் எழுதியிருப்பாங்க."

அந்த ஒழுங்கில்தான் அவர் என் மெசேஜைத் திருத்தி எழுதினார். கடையைப் பூட்டாமல் இருந்து, ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டு. உயரம் கேட்டார், எனக்குத் தெரியவில்லை. எழுபத்தாறு வருசமாக இந்த உலகத்தில் இருக்கிற என் அம்மா எத்தனை அடி என்று எனக்குத் தெரியாது. அலுமாரிக் கதவில் அவர் தலை எதுவரைக்கும் வரும் என்று யோசித்துப் போய் அளந்தேன், நாலடி பத்து. நடை எப்படி, கையில் ஏதாவது வைத்திருந்தாரா, எந்த நேரம் கடைசியாகக் கண்டது, எந்தப் பக்கம் பார்த்து. புதுப்படம் ஒன்றும் இல்லை என்றேன், பேரனின் பிறந்தநாள் வீடியோவை அனுப்பச் சொல்லி அதில் இருந்து அவரே ஒரு படத்தை வெட்டி எடுத்தார்.

கடைசியாக ஒன்று கேட்டார். "ஆரும் கண்டா என்னெண்டு கூப்பிட்டா அவ திரும்பிப் பாப்பா?"

இதை நான் யோசித்ததே இல்லை. பெயரைச் சொன்னால் அம்மா இப்போது திரும்ப மாட்டார். நான் அம்மா என்று கூப்பிட்டாலும் யாரையோ கூப்பிடுகிறேன் என்று இருப்பார், அது ஒரு வருசத்துக்கு மேலாகிறது. ஆனால் "ரீச்சர்" என்றால் உடனே திரும்புவார். முப்பது வருசத்துக்கு மேல் அந்தச் சொல்லுக்குத் திரும்பிய கழுத்து அது. அவர் அதையும் எழுதினார், "பிடித்து இழுக்க வேண்டாம், ரீச்சர் என்று கூப்பிடுங்கள், பக்கத்தில் இருங்கள், உடனே எங்களுக்கு எடுங்கள்." என் நம்பருக்கு மேலே தன்னுடைய நம்பரைப் போட்டார். "பொய்க் கோல் எல்லாம் எனக்கு வரட்டும் அக்கா, நீங்க கொஞ்சம் சாயுங்க" என்று சொன்னார். நான் சாயவில்லைதான். ஆனால் அந்த இரவில் என்னைச் சாயச் சொன்ன ஒரே ஆள் அவர்.

அடுத்த நாள் மத்தியானம் சித்தாண்டியில் கோயில் வீதியில் கச்சான் விற்கிற அக்கா ஒருவர், காலையில் மகளின் போனில் பார்த்ததை ஞாபகம் வைத்து, மர நிழலில் குந்தியிருந்த அம்மாவைப் பார்த்து "ரீச்சர்" என்று கூப்பிட்டிருக்கிறார். அம்மா திரும்பினாராம். பிளேன்ரீ வாங்கிக் கொடுத்து, கடையை அப்படியே விட்டுவிட்டு நாங்கள் போகும்வரை பக்கத்திலேயே இருந்திருக்கிறார். அந்த அக்காவுக்கு நான் என்ன நன்றி சொல்வது, அவரைக் கட்டிப்பிடித்தபோது எனக்குச் சொல் வரவில்லை, இப்போதும் வரவில்லை.

அன்றிரவு ரொறன்ரோவில் இருக்கிற என் தம்பி போனில் அழுதுகொண்டே சொன்னான், அக்கா இங்கேயென்றால் எல்லாப் போனும் ஒரே நேரத்தில் கத்தியிருக்கும் என்று. அம்பர் அலேர்ட் என்பார்கள். 1996இல் அமெரிக்காவின் டெக்சாஸில் ஆர்லிங்டன் என்ற ஊரில் அம்பர் என்ற ஒன்பது வயதுப் பிள்ளையைக் கடத்திக் கொன்ற பிறகு வந்த ஏற்பாடு, கனடாவில் 2018இல் இருந்து கைபேசிக்கும் வருகிறது. டவரில் இருந்து வானொலி மாதிரி அந்தப் பகுதியில் இருக்கிற போன்களுக்கெல்லாம் ஒரேயடியாகப் போகும், யாருடைய நம்பரும் வேண்டியதில்லை, சனமெல்லாம் கோல் எடுத்து லைன் நெரிந்தாலும் இது போய்ச் சேரும். ஆனால் பிறகு விசாரித்தால், அது கடத்தப்பட்டதாக நம்பப்படும் பிள்ளைகளுக்குத்தான். மறதியில் வழி தவறிய எழுபத்தாறு வயது ரீச்சருக்கு அங்கேயும் அந்த அலாரம் அடித்திருக்காது. அமெரிக்காவில் பல மாநிலங்களில் வயதானவர்களுக்கு சில்வர் அலேர்ட் என்று வேறாக ஒன்று வைத்திருக்கிறார்கள். நித்திரை கெட்டது என்று 911க்கு எடுத்துப் புகார் சொன்ன சனமும் கனடாவில் உண்டாம். எனக்கு அதைக் கேட்டு நெஞ்சு அடைத்தது. என் போன் ஒவ்வொரு இரவும் கத்தட்டும், நான் எழும்பிப் பார்ப்பேன்.

வெள்ளம், சூறாவளி என்றால் நாங்கள் எடுக்க 117 இருக்கிறது. ஆள் காணாமல் போனால் எங்களிடம் இருப்பது பொலிஸின் 119, ஒலிபெருக்கி, வட்ஸ்அப், அப்புறம் மனிதர்கள். இங்கேயும் கொரியாவைப் போல ஒன்று வர வேண்டும், கட்டாயம் வர வேண்டும், அதைக் கேட்டு எழுதப் போகிறேன். மட்டக்களப்பில் "காணவில்லை" என்பது லேசான சொல் இல்லை. என் மாமா, அம்மாவின் ஒரே தம்பி, 1990இல் யுத்த நேரம் காணாமல் போனவர், அவருடைய படத்தை வைத்துக்கொண்டு அம்மம்மா ஏறாத வாசல் இல்லை. அம்மாவின் படத்துக்குக் கீழே அந்தச் சொல்லை என் கையால் ரைப் பண்ணியபோது விரல் நின்றுவிட்டது. பெரிய மாமி எனக்கு எடுத்து "அந்தச் சொல்லப் போடாத மனே, தேடுறோம் எண்டு போடு" என்றார். திருத்திய மெசேஜில் அப்படித்தான் இருந்தது, "தேடுகிறோம்" என்று. அதையும் அந்தப் போன் கடைத் தம்பிதான் ஒரு கேள்வியும் கேட்காமல் மாற்றிப் போட்டார்.

அம்மாவும் ஒரு காலம் இப்படித் தேடியவர்தான். 1978 நவம்பர் சூறாவளி முடிந்த அடுத்த நாள், பள்ளிக்கூடத்துக் கூரை போய்விட்டது, இவர் வரவு இடாப்பை எடுத்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டு விழுந்த தென்னைகளைத் தாண்டித் தாண்டி வீடு வீடாகப் போய்த் தன் வகுப்புப் பிள்ளைகள் இருக்கிறார்களா என்று ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டுப் பார்த்தாராம். சின்ன வயதில் எத்தனை தரம் கேட்ட கதை.

அம்மா கிடைத்த பிறகு நாங்கள் எல்லோரும் படுத்துவிட்டோம். அந்தத் தம்பி படுக்கவில்லை. கொரியாவில் ஆள் கிடைத்தால் அதற்கும் ஒரு மெசேஜ் வருமாம், உங்கள் தகவலால் இன்னார் பத்திரமாகக் கிடைத்துவிட்டார் என்று. "அது வந்தாத்தான் அக்கா மனசு ஆறும். இல்லாட்டி நாலு நாளைக்கு ரோட்டில போற வயசுபோன ஆக்களப் பாத்துட்டே இரிப்பம்." அதனால் இவர் ரெண்டு நாளாக, முதல் மெசேஜ் எந்தெந்தக் குரூப்புக்குப் போனதோ அங்கெல்லாம் போய், தெரியாத ஆட்களுக்குத் தனித்தனியாக எழுதி, கிடைத்துவிட்டார், இனிப் பகிர வேண்டாம், படத்தை அழித்துவிடுங்கள் என்று சொல்லியிருக்கிறார். யாரும் கேட்காத வேலை. எனக்கு மூன்றாம் நாள்தான் தெரியும். இதற்கு முன் நான் எத்தனை "காணவில்லை" படத்தைத் திகதி பார்க்காமல் அனுப்பியிருக்கிறேன், அந்தப் பிள்ளைகள் கிடைத்தார்களா என்று ஒரு தரமாவது கேட்டேனா? இனி அந்த நம்பருக்கு எடுத்துக் கேட்காமல் ஒன்றையும் அனுப்ப மாட்டேன். கேட்டு அனுப்பினால், கிடைத்த செய்தியும் என்னிடம் இருந்து அதே ஆட்களுக்குப் போகும். இது நான் எனக்குப் போட்டுக்கொண்ட சத்தியம். அம்மாவின் சட்டை ஒவ்வொன்றிலும் உள்பக்கம் என் நம்பரைத் தைத்துவிட்டேன்.

நேற்று அந்தத் தம்பி மனைவி பிள்ளையோடு வீட்டுக்கு வந்தார், கையில் ஒரு தயிர்ச் சட்டி. அம்மா கதிரையில் இருந்து அவரை மேலும் கீழும் பார்த்தார். "எந்த வருசம் படிச்ச நீ?" என்று கேட்டார். அவர் என்னைப் பார்க்கவில்லை, நேரே நின்று, "தொண்ணூற்றெட்டு, ரீச்சர்" என்றார். "ம். கடைசி வாங்கு" என்றார் அம்மா. "ஓம் ரீச்சர்" என்றார்.

அம்மாவின் படம் உங்கள் போனில் இன்னும் இருந்தால் தயவுசெய்து அழித்துவிடுங்கள். யாராவது இனியும் அனுப்பினால், கல்லடி ரீச்சர் பத்திரமாக வீட்டில் இருக்கிறார் என்று சொல்லுங்கள்.

நன்றியோடு,
ரீச்சரின் மகள்
கல்லடி, மட்டக்களப்பு