பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்: அரையாண்டு நிறைவும் வாசிப்பரங்கமும்

மதிப்பிற்குரிய பெற்றோர்களுக்கு,

வணக்கம். அரையாண்டுத் தேர்வுகள் நல்லபடியாக நிறைவடைந்துள்ளன. விளையாட்டு, ஓவியம், அறிவியல் கண்காட்சி ஆகியவற்றில் நம் மாணவர்கள் பரிசுகள் பெற்றுப் பள்ளிக்குப் பெருமை சேர்த்திருக்கிறார்கள். உறுதுணையாக நின்ற அனைவருக்கும் நன்றி.

டிசம்பர் 11, பாரதியார் பிறந்த நாளன்று நடைபெற்ற வாசிப்பரங்கத்தைப் பற்றிச் சற்று விரிவாக எழுத வேண்டியிருக்கிறது. பாரதியின் பாடல்களோடு அவருடைய வசன கவிதைகளையும் கட்டுரைகளையும் இவ்வாண்டு சேர்த்திருந்தோம். மனப்பாடம் செய்து ஒப்பிப்பது வேறு, தாளைக் கையில் வைத்துக்கொண்டு அவைக்குப் படித்துக் காட்டுவது வேறு. பாட்டுக்காவது சந்தம் கைகொடுக்கும்; உரைநடைக்கு அந்தத் துணை கிடையாது. வினைமுற்று பெரும்பாலும் வாக்கியத்தின் இறுதியில் வருவதால், படிப்பவர் பாதியிலேயே குரலை இறக்கிவிட்டால் கேட்பவருக்குப் பொருள் பிடிபடாது. எங்கே மூச்சு விடுவது, ழகரத்தையும் ளகரத்தையும் எப்படி வேறுபடுத்துவது என்று நம் தமிழாசிரியை மதிய இடைவேளைகளில் பொறுமையாகப் பயிற்சி அளித்தார். ஒவ்வொரு பத்தியின் முடிவிலும் தலைநிமிர்ந்து கேட்போரைப் பார்க்க வேண்டும் என்பதும் அப்பயிற்சியில் அடக்கம்.

முதல் வகுப்பிலிருந்து வரிசையாக மேடையேற்றியதால், தம் பிள்ளை படித்து முடித்ததும், கைபேசியில் எடுத்த காணொளி சரியாகப் பதிவாகியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பிள்ளையையும் அழைத்துக்கொண்டு பெற்றோர் பலர் புறப்பட்டுவிட்டார்கள். ஏழாம் வகுப்பு மாணவி ஒருவர் நீண்டதொரு உரைநடைப் பகுதியைப் படித்துக்கொண்டிருந்தபோது ஒரு வரிசையே எழுந்து சென்றது. நாற்காலிகள் இழுபடும் ஓசையில் அவர் நிறுத்தினார். விரலால் வரியைத் தேடிப் பிடித்து மீண்டும் தொடர்ந்தார். ஆனால் அதன் பிறகு தலைநிமிரவே இல்லை. எட்டாம் வகுப்பினர் மேடைக்கு வந்தபோது முன்வரிசைகளில் ஆசிரியர்களும் சத்துணவு ஊழியர்களும்தான் இருந்தோம்.

வேலைக்கு அரைநாள் விடுப்புச் சொல்லி, கூலியையும் இழந்து வந்தவர்கள் உங்களில் உண்டு என்பதை அறிவேன். அவர்களைக் குறைகூறுவது என் நோக்கமன்று. எனினும், தம் பிள்ளைக்குக் கேட்போர் வேண்டும் என்று விரும்புகிறவர்கள் பிறர் பிள்ளைக்கும் கேட்போராக இருந்தாக வேண்டும். திருக்குறளில் ‘அவையஞ்சாமை’ 73ஆம் அதிகாரம். ‘கேள்வி’ 42ஆம் அதிகாரம். பேசத் துணிவதற்கு முன்பே கேட்கக் கற்கச் சொல்லும் அந்த வரிசையில்தான் நாமும் பிள்ளைகளைப் பழக்குகிறோம். பாதியில் அழைத்துச் செல்லப்படும் பிள்ளை மேடையேறுவதை மட்டும் கற்றுக்கொண்டு போகிறது.

ஆகவே, பிப்ரவரி 21, உலகத் தாய்மொழி நாளன்று நடைபெறும் அடுத்த வாசிப்பரங்கத்தில் எந்த மாணவரும் இடையில் அனுப்பப்பட மாட்டார். கைபேசியில் படமெடுக்கவும் அனுமதி இல்லை. இவ்விரண்டிலும் விதிவிலக்குக் கேட்டு அலுவலகத்துக்கு வர வேண்டாம் என்று கண்டிப்பாகவே கேட்டுக்கொள்கிறேன்.

உங்கள் சிரமத்தைக் குறைக்க எங்கள் தரப்பிலும் சில மாற்றங்கள் செய்திருக்கிறோம். நிகழ்ச்சி காலை, மாலை என இரண்டு அமர்வுகளாக, ஒவ்வொன்றும் ஒரு மணி நேரத்துக்குள் முடியும். உங்கள் பிள்ளையின் வகுப்பு இடம்பெறும் அமர்வுக்கு மட்டும் வந்தால் போதும். சிறு வகுப்புகளும் பெரிய வகுப்புகளும் கலந்தே மேடையேறும். கைக்குழந்தையோடு வருபவர்களுக்கு வாசலை ஒட்டி இருக்கைகள் போடப்படும். நிகழ்ச்சியைப் பள்ளியே பதிவுசெய்து வகுப்பாசிரியர் வழியாக அனுப்பும்.

கடைசிவரை அமர்ந்திருந்த சில தாய்மார்களுக்கும், பேரப்பிள்ளைகளுக்காக வந்து எல்லாப் பிள்ளைகளுக்கும் கைதட்டிய பெரியவர்களுக்கும் என் மனமார்ந்த நன்றி. ஒலிபெருக்கி மூன்று முறை மக்கர் செய்தும் முகம் சுளிக்காமல் சரிசெய்து தந்த பெற்றோர் ஆசிரியர் கழக உறுப்பினருக்கும் நன்றி. விடுமுறையில் நாளுக்கு ஒரு பக்கமாவது பிள்ளைகளைப் படிக்கச் சொல்லி, அருகில் அமர்ந்து கேளுங்கள்.

அனைவருக்கும் புத்தாண்டு, பொங்கல் வாழ்த்துகள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்