கல்மரம் பார்க்கப் போகும்போது

திருப்பாதிரிப்புலியூர், கடலூர்

அன்புள்ள கயல்,

டிசம்பரில் வரும்போது பிள்ளைகளையும் உன் மாமியாரையும் மரங்கள் கல்லாகிக் கிடக்கும் திருவக்கரை கல்மரப் பூங்காவுக்கு அழைத்துப் போகலாமா என்று கேட்டிருந்தாய். தாராளமாகப் போகலாம், அத்தைக்கும் நடக்க முடிகிற இடம்தான். பௌர்ணமி நாள் மட்டும் வேண்டவே வேண்டாம். அன்று அங்குள்ள கோயிலில் வக்ரகாளியம்மன் ஜோதி தரிசனம், அந்தக் கூட்டத்தில் ஊருக்குள் கார் நகராது.

இங்கிருந்து புதுச்சேரி தாண்டி ஐம்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல். கடைசியில் கல்குவாரி டிப்பர்கள் ஓடும் சாலை, அதனால் இரண்டு மணி நேரம் கணக்கு வை. காலை 9 மணிவாக்கில் வாசலில் இருங்கள். வெயில் சாய்வாக விழும்போதுதான் கல்மரத்தின் வரிகள் எடுப்பாகத் தெரியும். உச்சிவெயிலில் எல்லாம் வெளுத்துப்போகும், கை வைத்தால் சுடும்.

247 ஏக்கர் என்று படித்துவிட்டு மலைக்காதே. பூங்கா ஒன்பது துண்டுகளாகக் கிடக்கிறது, பார்க்கத் திறந்திருப்பது சிறு பகுதிதான். ஒரு கிலோமீட்டர் நடைக்கு ஒன்றரை மணி நேரம் கொடு. விறுவிறுவென்று சுற்றினால் பிள்ளைகளுக்கு எல்லாமே பாறையாகத்தான் தெரியும். ஐந்தாறு மரம் போதும்.

முதல் மரத்தின் பக்கத்திலேயே குந்தி உட்காரச் சொல். அடிமரத்து வெட்டுமுகத்தில் வளையம் வளையமாக ஓடும். பக்கவாட்டில் நார் நீளவாக்கில் போய்க்கொண்டே வந்து, ஓரிடத்தில் சுழித்து விலகும். அங்கே ஒரு கணு இருந்திருக்கிறது. பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் ஒன்று வாங்கி வா, விலை அதிகமில்லை. விரலால் சுண்டினால் கல்லின் ஓசை, கண்ணுக்கோ விறகுக்கட்டை.

பிறகு கிளை எங்கே, வேர் எங்கே என்று சின்னவனைத் தேடவிடு. ஒன்றும் கிடைக்காது. ஏனென்றால் இவை இங்கே வளர்ந்த மரங்கள் அல்ல. சுமார் 2 கோடி ஆண்டுக்கு முன் வெள்ளம் உருட்டிக்கொண்டு வந்ததில் கிளையும் வேரும் முறிந்துபோயின. மணலும் கூழாங்கல்லும் சட்டென்று மூடிவிட்டதால் காற்றுப்படாமல், மக்காமல் கிடந்தன. சிலிக்கா என்ற மணல் தாது கரைந்த நீர் உள்ளே ஊறி, செல் செல்லாகக் கல்லாக்கிவிட்டது. ஊசியிலை மரங்களும் உண்டு, நம் புளியமரத்து உறவுகளும் உண்டு.

அவற்றை மூடிய அந்தப் பாறைக்குப் புவியியலில் பெயரே கடலூர் மணற்கல்தான், பிள்ளைகளிடம் மறக்காமல் சொல். நெய்வேலிச் சுரங்கத்தில் நிலக்கரிக்கு மேலே கிடந்து இயந்திரத்தின் பல்லைத் தேய்க்கிறதே, அதே கல். அங்கே சதுப்பில் புதைந்த தாவரம் கரியானது. இங்கே வெள்ளத்தில் வந்த மரம் கல்லானது.

செருப்பு வேண்டாம், ஷூ போடுங்கள். செம்மண் மேல் உருண்டைச் சரளை கிடப்பதால் இறக்கத்தில் வழுக்கும். முள் மெல்லிய அடியை ஊடுருவும். அத்தைக்கு ஒரு கைத்தடி. புதருக்குள்ளும் கல்லிடுக்கிலும் பிள்ளைகள் கையை நுழைக்கக் கூடாது, சுருட்டை விரியன் இருக்கக்கூடிய நிலம். நிழல் குறைவு, ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீரும் தொப்பியும் வேண்டும்.

ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இரு. காலடியில் மரச்சில்லு போலவே கல்சில்லுகள் கிடக்கும். ஒன்றுகூடப் பைக்குள் போகக் கூடாது. 1951 முதல் தேசியப் புவியியல் நினைவுச்சின்னமாகக் காக்கப்படும் இடம், எடுப்பது குற்றம். அதைவிட, இடம் மாறிய சில்லு எந்த மரத்தோடு, எந்த அடுக்கில் கிடந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. கிளம்புமுன் பிள்ளைகளின் சட்டைப்பையைப் பார்த்துவிடு. அளவு தெரியப் பக்கத்தில் ஒரு பேனா வைத்துப் படம் எடுத்துக்கொள்ளட்டும்.

பதினொரு மணிக்குள் முடித்தால், நடை சாத்துமுன் அதே ஊர் சந்திரமௌலீஸ்வரர் கோயிலுக்குப் போய்விடலாம். மும்முக லிங்கத்தைப் பொறுமையாகச் சுற்றிப் பாருங்கள். சம்பந்தர் பாடிய தலம், அத்தைக்குப் பிடிக்கும்.

தேதி முடிவானதும் எழுது. காருக்குச் சொல்லிவைக்க வேண்டும்.

அன்புடன்,
அம்மா