'அரிய தோல் நோய்' என்று எழுதலாமா?

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

கடந்த ஞாயிறு மருத்துவப் பக்கத்தில் சொரியாசிஸை 'நம் நாட்டில் அரிதாகவே காணப்படும் தோல் நோய்' என்று எழுதியிருந்தீர்கள். அப்பா காலத்திலிருந்து உங்கள் பத்திரிகையை வாங்கும் வீடு எங்களுடையது. அந்த வரியைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை.

இந்தியாவில் 0.44 முதல் 2.8 சதவீதம் பேருக்கு இந்த நோய் இருப்பதாக ஆய்வுகள் சொல்வது தங்களுக்குத் தெரியாததல்ல. 140 கோடிப் பேரில் குறைந்த கணக்குக்கே 60 லட்சம் பேர். கூடின கணக்குக்கு ஏறக்குறைய 4 கோடி. இதை அரிது என்று சொல்ல எப்படி மனம் வந்தது? அதுவும் பெரும்பாலும் ஆஸ்பத்திரித் தோல் பிரிவுக்கு வந்தவர்களை வைத்துப் போட்ட கணக்கு. கோத்தகிரிப் பக்கத்து எஸ்டேட்டிலிருந்து தோல் டாக்டரைப் பார்க்க நான் மேட்டுப்பாளையம் இறங்கி கோயம்புத்தூர் போகிறேன். அன்றைய கூலி போச்சு. எங்கள் லைன் வீட்டு அக்கா ஒருவர் முழங்கையை மறைக்க ஏப்ரலிலும் ஸ்வெட்டர் போடுகிறார். எந்த ஆஸ்பத்திரிச் சீட்டிலும் அவர் பெயர் கிடையாது. அவரை யார் எண்ணினார்கள்?

வெயில் பட்டால் கொஞ்சம் அடங்கும். இங்கே மூட்டம் போட்டால் வெயிலைப் பார்க்கவே நாளாகும். டிசம்பரில் உறைந்த தேங்காய் எண்ணெயை அடுப்போரம் வைத்து உருக்கித்தான் தடவ வேண்டும். தோளில் உதிர்ந்த செதிலைத் தட்டிவிட்டு பஸ் ஏறினாலும், பக்கத்தில் இருந்த அம்மா எழுந்து கடைசிவரை நின்றுகொண்டே வந்தார். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தோலைத் தூண்டிவிடுவதால், ஒரு மாதம் எடுத்து மேலே வர வேண்டிய தோல் சில நாளிலேயே வந்து குவிகிறது. இது யாருக்கும் ஒட்டாது. தொற்றா நோய் என்று உலக சுகாதாரப் பேரவை 2014-லேயே தீர்மானம் போட்டிருக்கிறது. உங்கள் கட்டுரையில் 'ஒட்டாது' என்ற ஒரு வார்த்தை இல்லை. கூடவே வரும் மூட்டுவலியைப் பற்றியும் இல்லை.

அப்புறம், அதே பக்கத்தின் கீழே 'பூரண குணம்' என்று ஒரு விளம்பரம். அப்படி ஒன்றை நம்பி வாங்கிய மாத்திரையை நிறுத்தியதும் எனக்கு உடம்பு முழுக்கப் பரவியது. இதை முன்பே தங்களுக்கு எழுதினேன், பதில் இல்லை. நீலகிரி என்றால் மலர்க் கண்காட்சிக்கும் உறைபனிப் படத்துக்கும் இடம் இருக்கிறது. எங்கள் கடிதத்துக்கு இல்லை.

வரும் ஞாயிறு அதே பக்கத்தில், 'சொரியாசிஸ் அரிதல்ல, ஒட்டாது' என்று ஒரு திருத்தம் போடுங்கள். பஸ்ஸில் வரும் அந்த அம்மாவும் உங்கள் பத்திரிகை படிப்பவராக இருக்கலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கோத்தகிரி